ஃபர்ஸானாவின் பத்தியம்

சித்தூர்
18 ஜனவரி 2024

என் தங்கை ஃபர்ஸானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் நௌஃபல் மச்சானும் சுகம்தான். மச்சானுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் ஜுனைதும் அவர் அம்மா பாத்து மாமியும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

நேற்றுத்தானே போனில் பேசினோம், பிறகெதற்குக் கடிதம் என்று உன் வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இங்கே ஸ்பீக்கரில் போட்டுக் கடை முழுக்கக் கேட்க வைத்தால்தான் உன் மச்சானுக்குத் திருப்தி. அங்கே உன் வீட்டுக்குள் ரேஞ்ச் கிடையாது, நீ ஆனைக்கரை ரோட்டில் நின்று பேசுகிறாய். வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ரோட்டில் நின்று என்ன பேச முடியும்? அதனால்தான் பழையபடி காகிதத்தை எடுத்தேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். ஐந்தாம் மாதத்துக்கு வயிறு இவ்வளவு வருமா? மச்சான் சிரித்தார். "ஏனுங்க சிரிக்கிறீங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க"ன்னு சொன்னேன். "பேக்கரிக்காரன் பொண்டாட்டி, வேறெப்படி இருப்பா"ங்கறார்.

அம்மா இருந்திருந்தால் இதையெல்லாம் அவர் கேட்டிருப்பார். இல்லை என்பதால் நான் கேட்கிறேன். கால் வீங்குகிறதா? மூச்சு முட்டுகிறதா? சுகர் டெஸ்ட் எடுத்தாயா? காலையில் என்ன, மத்தியானம் என்ன சாப்பிடுகிறாய்? ஒன்று விடாமல் எழுது. எட்டாம் மாதம் உன்னை இங்கே கூட்டி வந்துவிட வேண்டும் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். மேற்கு அறையில் காற்று வரும். அதை உனக்கென்று ஒதுக்கியாகிவிட்டது.

எனக்கு மூன்றும் தங்கவில்லை. உனக்கு முதலாவதே தங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் இத்தனை கேள்வி. கோபித்துக்கொள்ளாதே. மாமிக்கு என் ஸலாம் சொல்.

உன் அக்கா
ரஸியா

*

ஆனைக்கரை
2 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். மச்சானின் முழங்காலுக்கு மாமி ஒரு எண்ணெய் காய்ச்சித் தருவதாகச் சொல்கிறார், யாராவது வரும்போது கொடுத்து விடுகிறேன்.

நீ கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது, கலந்துகட்டிச் சொல்கிறேன். கால் சாயங்காலமானால் வீங்குகிறது. மூச்சு இப்போது கொஞ்சம் வாங்குகிறது. படுத்தால்தான் அதிகம், அதனால் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து கிடக்கிறேன். காலையில் புட்டும் பயறும். மத்தியானம் மாமி ஊட்டாத குறை. நான்கு மணிக்குக் கடையிலிருந்து தேங்காய் பன் வரும், சூடாக. இவர் பொட்டலத்தைத் துணியில் சுற்றி, ஆறிவிடக் கூடாதென்று ஓட்டமாக வருவார். மாவு அப்பிய கையோடு வாசலில் நின்று நான் தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போவார். அதை எப்படி வேண்டாமென்பது? நீயே சொல்.

ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிற பக்கத்து வீட்டு முருகேஸ்வரியக்கா தினமும் என் வயிற்றை அளக்கிறாள். "ஏ புள்ள, வயிறு இப்பிடி முன்னால நிக்குதே, ரெட்டப்புள்ளையா இருக்கும் போலருக்கு. ஒண்ண எனக்குக் குடுத்துரு" என்கிறாள். ஆனால் ஸ்கேனில் ஒன்றுதான் என்று சொன்னார்கள். அன்றைக்குக் குழந்தை திரும்பிப் படுத்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை, இரண்டு வாரம் கழித்து வா என்றார்கள். மாமிக்குக் கண் ஆபரேஷன் வந்ததில் தள்ளிப் போய்விட்டது. இருபதாம் தேதி கட்டப்பனை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

சுகர் டெஸ்ட் எடுத்தாயிற்று. நார்மல்தான்.

அசைவு தெரிகிறது அக்கா. ஆனால் முருகேஸ்வரியக்கா சொல்கிற மாதிரி உதையெல்லாம் இல்லை. தூரத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. சாதுப் பிள்ளை போலிருக்கிறது, உன் மாதிரி இல்லை, என் மாதிரி.

மேற்கு அறையில் காற்று வருமென்றாய். சீக்கிரம் வந்துவிடுகிறேன்.

பாசத்துடன்
ஃபர்ஸானா

*

சித்தூர்
12 பிப்ரவரி 2024

சாதுப் பிள்ளைக்கும் அதைவிடச் சாதுவான அதன் தாய்க்கும்,

அக்காவின் ஸலாம். நாங்கள் சுகம். பாலக்காட்டு வெயில் இப்போதே கொளுத்தத் தொடங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

நீ பன் தின்பதைப் படித்துச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. மைதா, சீனி, டால்டா, தேங்காய்ப்பூ! ஜுனைதிடம் சொல், ஆசைக்கு வாரத்தில் ஒன்று போதும். டெஸ்ட் ஒரு தடவை நார்மல் என்றால் எப்போதும் நார்மலா? கர்ப்பிணிகளைப் பார்க்க வீடு வீடாக வரும் எங்கள் ஆஷா வொர்க்கர் யோகப்பிரியாவிடம் உன் வயிற்றின் அளவைச் சொன்னேன். "ஸ்கேன் பாத்துறச் சொல்லுங்க அக்கா, தள்ளிப் போட வேண்டாமுங்க" என்றாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்கேன் எடுத்ததும் எழுது. எழுதும்வரை ரோட்டில் நின்றாவது ஒரு போன் போடு.

எதிர்பார்த்திருக்கும்
ரஸியா

*

ஆனைக்கரை
4 மார்ச் 2024

அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீ இரண்டு முறை கூப்பிட்டபோதும் நான் படுத்திருந்தேன். நாங்கள் எல்லாரும் சுகம். நீயும் மச்சானும் சுகமாக இருக்க வேண்டும்.

ஸ்கேன் எடுத்தோம். குழந்தையைச் சுற்றியிருக்கிற பனிக்குட நீர் கூடுதலாக இருக்கிறதாம். சென்டிமீட்டர் கணக்கில் இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டியது எனக்கு முப்பத்தொன்று. வயிறு பெரிதாகத் தெரிவது அதனால்தான். இன்னொரு தடவை பார்க்கக் கோட்டயத்துக்கும் அனுப்பினார்கள், போய் வந்தோம். சாப்பாட்டில் கவனமாக இருக்கச் சொன்னார்கள்.

எட்டாம் மாதம் சித்தூருக்கு வர முடியாது போலிருக்கிறது. அவ்வளவு தூரம் வண்டியில் குலுங்கக் கூடாதாம். நீயும் இப்போது வர வேண்டாம். வெயிலில் அலைந்து உடம்புக்கு ஏதாவது வந்துவிடும்.

அக்கா, ஒன்று செய்வாயா? நான் என்னென்ன சாப்பிட வேண்டும், என்னென்ன சாப்பிடக் கூடாது என்று விவரமாக எழுது. எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிப்பேன். எல்லாவற்றையும் செய்வேன்.

ஃபர்ஸானா

*

சித்தூர்
9 மார்ச் 2024

கண்ணே ஃபர்ஸானா,

அல்லாஹ் உன்னைக் காப்பான். பயப்படாதே. தண்ணீர்தானே கூடுதல்? குறைத்துவிடலாம்.

உன் கடிதம் வந்த அன்று அடுப்பை அணைத்துவிட்டுத் தெருத்தெருவாகப் போய்க் கேட்டேன். கேட்டதையெல்லாம் எழுதுகிறேன், கவனமாகப் படி. முதலில் தண்ணீரைக் குறை. ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர், அதற்கு மேல் வேண்டாம். இளநீர் தொடவே கூடாது. மோர், தர்ப்பூசணி, வெள்ளரிக்காய் எல்லாம் நீர்தான், விட்டுவிடு. உப்பைப் பாதியாக்கு, ஊறுகாயும் கருவாடும் கிட்டவே வரக் கூடாது. கொள்ளை வேக வைத்து அந்த ரசத்தைக் குடி, நீரை உறிஞ்சிவிடும் என்று தத்தமங்கலத்து ஜப்பார் மாமா வீட்டில் சொன்னார்கள். பார்லியைக் கெட்டியாகக் காய்ச்சிச் சாப்பிடு. காலையில் கேழ்வரகு, மத்தியானம் ஒரு கைப்பிடிச் சோறும் நிறையக் காயும். கசப்பென்று பார்க்காமல் பாவைக்காய் வாரம் மூன்று நாள். தித்திப்பு என்ற பேச்சே வேண்டாம். பன் கூடாது. பன் கூடவே கூடாது.

யோகப்பிரியா மட்டும் தலையை ஆட்டினாள். "தண்ணியக் கொறச்சா அது கொறையாதுங்க அக்கா. அது வேற, குடிக்கிற தண்ணி வேற. டாக்டர் என்ன காரணம்னு சொன்னாங்கன்னு கேளுங்க" என்றாள். அவளுக்குக் கல்யாணமே இன்னும் ஆகவில்லை, அவளுக்கென்ன தெரியும்!

கொள்ளும் பார்லியும் வெயிலில் காய வைத்த பாவைக்காய் வற்றலும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நோன்பு பிறக்கப் போகிறது. நீ வைக்காதே, உனக்கு விலக்கு உண்டு. உன் பிள்ளைக்காக நான் கூடுதலாக ஆறு நோன்பு நேர்ந்திருக்கிறேன். நாக்கு வறண்டு கிடக்கும்போதெல்லாம், அங்கே அந்தத் தண்ணீர் ஒரு துளி குறைகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் என்ன காரணம் சொன்னார்? அதை நீ எழுதவில்லையே.

உனக்காகவே மூச்சு விடும்
அக்கா

*

ஆனைக்கரை
27 மார்ச் 2024

அன்பான அக்காவுக்கு,

நோன்பு எப்படிப் போகிறது? பாலக்காட்டு வெயிலைப் பற்றி டிவியில் சொல்லும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன். விடியுமுன் ஸஹருக்கு ஒழுங்காகச் சாப்பிடு. எங்களுக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

பார்சல் வந்தது. கொள்ளை நானே கல் பொறுக்கி, நானே வேக வைத்தேன். மாமி செய்து தருகிறேன் என்றார், விடவில்லை. பார்லி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது, இருந்தாலும் இறக்கிவிட்டேன். தண்ணீர் ஐந்து டம்ளர்தான் குடித்தேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் குளியலறை வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, பயப்படாதே. டாக்டரம்மா நாக்கைப் பார்த்துவிட்டு, "மோளே, ஆரு சொன்னது தண்ணி குடிக்கண்டான்னு?" என்று சத்தம் போட்டார். நான் யாருமில்லை என்றேன். அதனால் இப்போது தண்ணீர் குடிக்கிறேன். மற்றதெல்லாம் நீ சொன்னபடிதான்.

போன வாரம் வயிற்றில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்தார்கள். வெளிறிய மஞ்சளாக இருந்தது. ஒன்றரை லிட்டர். இவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், நான் பார்த்தேன். எடுத்த பிறகு இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். அன்றைக்குக் குழந்தை நன்றாக அசைந்தது. கைக்குக் கிட்டே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பெருநாளைக்கு வருகிறேன் என்று மச்சானிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். வேண்டாம் அக்கா. சொன்னால் கேள். குழந்தை பிறந்த பிறகு வா.

ஃபர்ஸானா

*

சித்தூர்
11 ஏப்ரல் 2024

ஃபர்ஸானாவுக்கு,

பெருநாள் முடிந்தது. நாங்கள் இருக்கிறோம்.

நேற்று வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது நீ இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை மாமியிடம் கொடுத்துவிட்டாய். மாமி சொன்னார், பாயசம் இரண்டு கிண்ணம் குடித்தாயாம். ஜுனைத் இப்போதும் தினம் பன் கொண்டு வருகிறாராம். "புள்ளத்தாச்சி ஆசைப்பட்டுத் திங்கிறா, திங்கட்டும்மா" என்கிறார் அந்த நல்ல மனுஷி. "சொன்னபடி செய்கிறேன்" என்று எழுதிய கைதானே அந்தக் கிண்ணத்தைப் பிடித்தது? முப்பது நோன்பு வைத்து நான் இங்கே வறண்டு கிடந்தது எதற்கு? உன் பிள்ளைக்கு எதிரி வேறு யாருமில்லை, உன் நாக்குத்தான். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மூன்று முறை வருகிறேன் என்றேன், மூன்று முறையும் வேண்டாம் என்றாய். எனக்குப் புரியாமல் இல்லை. மூன்றைத் தொலைத்தவள் கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறாய். உன்னைத் தூக்கி வளர்த்த கண் இது. இனி நான் கேட்க மாட்டேன்.

ரஸியா

*

சித்தூர்
24 ஏப்ரல் 2024

என் ஃபர்ஸானாவுக்கு,

நீ எழுந்து நடக்கிறாயா? சாப்பிடுகிறாயா? ஜுனைத் கடை திறந்தாரா? நாங்கள் ஊர் வந்து சேர்ந்தோம்.

பெருநாள் கழிந்து நான்காம் நாள், விஷு அன்று மத்தியானம் ஜுனைத் மச்சானுக்கு போன் செய்தார். குறைமாதத்தில் வலி வந்து, குழந்தை பிறந்து, போய்விட்டது என்றார். பொள்ளாச்சி, தேனி வழியாகக் காரில் கட்டப்பனை வந்து சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. உன் கட்டிலருகே உட்கார்ந்தேன். பிறகு உன் வீட்டில் நான்கு நாள் இருந்தேன். உன் தலையை வாரினேன், கஞ்சி ஊட்டினேன். நீ ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேச முடியாமல் இருந்ததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது.

பெருநாளுக்கு மறுநாள் உனக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்ததால் அது வழியில் எங்கோ கிடந்தது. உன் வீட்டில் இருந்த நான்கு நாளும் காலையில் கேட்டருகே போய் நின்றேனே, அது காற்று வாங்க அல்ல. தபால்காரர் வந்தால் வாங்கிக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்றுதான். வரவில்லை. மச்சானுக்குக் கடை, கிளம்ப வேண்டியதாகிவிட்டது. வண்டியில் ஏறும்போது முருகேஸ்வரியிடம், தபால் ஏதாவது வந்தால் எடுத்து வைத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். "எதுக்குக்கா?" என்று கேட்டாள். நான் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அது வந்துவிட்டதா, ஃபர்ஸானா? வந்திருந்தால் திறக்காதே. திறந்திருந்தால், எழுதியவள் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள். என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. வந்ததா, இல்லையா என்று மட்டும் ஒரு வரி எழுது.

ரஸியா

*

ஆனைக்கரை
13 மே 2024

அக்கா,

உன்மேல் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். மச்சானும் நீயும் சுகமா? நான் நடக்கிறேன். சாப்பிடுகிறேன். கடை திறந்தாயிற்று.

கடிதம் வந்தது. நீ வண்டியேறிய மறுநாள், சனிக்கிழமை. மாமிதான் வாங்கி, "ஒங்கக்கா எழுதியிருக்கா, பாரு, மனசு ஆறும்" என்று கையில் கொடுத்தார். இரண்டு தடவை படித்தேன். கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அன்றைக்கு எனக்கு மார்பு கட்டி, பால் துணியையெல்லாம் நனைத்துக்கொண்டிருந்தது. வீக்கம் வடிய முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பன் வந்தது. அழுதுகொண்டே முழுவதையும் தின்றேன். உன்மேல் இருந்த கோபத்தில் தின்றேன்.

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும் அக்கா. கோட்டயத்தில் பெரிய ஸ்கேன் பார்த்தார்கள், வயிற்றிலிருந்து நீரெடுத்தும் சோதித்தார்கள். டாக்டரம்மா என்னையும் இவரையும் உட்கார வைத்துப் படம் வரைந்து காட்டினார். வயிற்றுக்குள் குழந்தை அந்த நீரைக் குடிக்கும், குடித்ததைச் சிறுநீராக விடும், மறுபடி குடிக்கும். அப்படித்தான் நீர் ஓர் அளவில் நிற்குமாம். நம் குழந்தைக்குத் உணவுக்குழாய் வயிறுவரை போய்ச் சேரவில்லை. அதால் விழுங்க முடியவில்லை. குடிக்காத நீர்தான் அப்படியே சேர்ந்துகொண்டு போனது. அது மட்டும் என்றால் ஆபரேஷன் செய்து பார்க்கலாம். இதயத்திலும் ஓட்டை, மூளையும் சரியாக வளரவில்லை. உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் ஏதோ ஒன்று கூடுதலாக வந்துவிட்டதாம், கருவான அன்றே. "பிறந்தாலும் சில மணி நேரம், அதிகம் போனால் சில நாள்" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "நான் தின்ன பன்னாலயா டாக்டர்?" அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லா மோளே. சுகர் கூடினாலும் தண்ணி கூடும். பட்சே நினக்கு சுகர் இல்லல்லோ. நீ தின்னதும் இல்ல, குடிச்சதும் இல்ல. நீ ஒண்ணும் செய்யல" என்றார்.

நாள் தாண்டிவிட்டதால் கலைப்பதற்கு ஒரு மெடிக்கல் போர்டில் அனுமதி வாங்க வேண்டும், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். அப்போது அது அசைந்தது. நான் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டேன். மாமியிடம்கூட நாங்கள் சொல்லவில்லை.

தெரிந்திருந்தும் உன்னிடம் ஏன் பத்தியம் கேட்டேன் என்று நீ நினைப்பாய். இந்த உலகத்தில் அந்தக் குழந்தை பிழைக்கும் என்று நம்பி எனக்கு எழுதுகிறவள் நீ ஒருத்திதான். இவர் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே இருக்கும். உன் கடிதத்தில் மட்டும் என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தண்ணீர் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நீ அனுப்பிய கொள்ளைக் கல் பொறுக்கும்போது நானும் மற்றப் பெண்களைப் போல, பிழைக்கப் போகிற பிள்ளைக்காக அடுப்படியில் நிற்கிறவளாக இருந்தேன். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் ஒன்பது நாள் தாகத்தோடு இருந்தேன். அது வீண் என்று தெரிந்தே இருந்தேன்.

பெருநாள் அன்று பாயசம் குடித்தேன், உண்மைதான். அன்றைக்கு அசைவு ரொம்பக் குறைந்துவிட்டது. தித்திப்பாக எதையாவது குடித்தால் குழந்தை அசையும் என்று முருகேஸ்வரியக்கா சொன்னாள். ஒரு கிண்ணம் குடித்தேன், அசையவில்லை. இரண்டாவது குடித்தேன். கொஞ்சம் அசைந்தது.

உன்னை வராதே என்றது கண்ணுக்குப் பயந்து அல்ல. உன் கண் என் முகத்தைப் பார்த்தால் அடுத்த நிமிஷம் கண்டுபிடித்துவிடும். மூன்றைப் பறிகொடுத்தவளிடம் நான்காவதும் போகப் போகிறது என்று எப்படிச் சொல்வேன்? தவறுதான். சொல்லியிருந்தால் நீ அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய். நீ செத்தவள் என்று நான் எதற்கு நினைக்க வேண்டும்? எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஃபர்ஸானா

*

சித்தூர்
20 மே 2024

என் தங்கமே,

உன் கடிதத்தை உன் மச்சான்தான் படித்துக் காட்டினார். பாதிக்கு மேல் எனக்கு எழுத்துத் தெரியவில்லை. "ஒவ்வோர் அணுவிலும்" என்ற இடத்தில் அவரும் நிறுத்திவிட்டார். கடைக்கு வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுத எனக்குத் தகுதியில்லை. யோகப்பிரியா அன்றைக்கே கேட்கச் சொன்னாள், டாக்டர் என்ன காரணம் சொன்னார் என்று. நானும் கேட்டேன். நீ பதில் எழுதாமல் விட்டபோது அதையே பிடித்துக்கொண்டு திரும்பக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பன்னைப் பற்றித்தான் மறுபடி மறுபடி கேட்டேன். என் மூன்று பிள்ளைகளுக்கும் இப்படித்தான் எல்லாரும் காரணம் சொன்னார்கள். பப்பாளி தின்றாள், படி ஏறினாள், குனிந்து குடம் எடுத்தாள் என்று. அதைக் கேட்டுக் கேட்டு வெந்தவள் நான். அதே வாயால் உன்னைச் சொன்னேன்.

வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன். இந்தத் தடவை வேண்டாம் என்று எழுதாதே. எழுதினாலும் வருவேன்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். சொல்லக் கஷ்டமாக இருந்தால் சொல்ல வேண்டாம். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் முகம் பார்க்கவில்லை. பேரும் தெரியாது. பிள்ளை எப்படி இருந்தது, ஃபர்ஸானா?

அக்கா

*

ஆனைக்கரை
22 மே 2024

அக்கா,

வா. இது உன் கைக்கு வருவதற்குள் நீ கிளம்பியிருப்பாய். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் பார்த்தால் அழுதுவிடுவேன், சொல்ல முடியாது.

இந்த ஒரு மாதத்தில் எத்தனையோ பேர் வந்து போனார்கள். என்ன தின்றாய், எங்கே விழுந்தாய், ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை என்று கேட்டார்கள். பிள்ளை எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நீதான் கேட்டாய்.

பெண் பிள்ளை. காலை பத்தேகாலுக்குப் பிறந்தாள். நீர் உடைந்து கட்டில், தரை, நர்ஸின் செருப்பெல்லாம் நனைந்தது. அத்தனை தண்ணீருக்குள்ளிருந்து இத்தனை சிறிய பிள்ளை. ஒரு கிலோ இருநூறு. அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் மட்டும். குழாய் எதுவும் போட வேண்டாம் என்று நாங்கள் முன்னாலேயே சொல்லியிருந்ததால் துடைத்து, துணியில் சுற்றி, என் நெஞ்சின்மேல் வைத்தார்கள். இவரை உள்ளே விட்டார்கள். வலது காதில் பாங்கு சொன்னார். பாதியில் குரல் உடைந்துவிட்டது, நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னார். ஹலீமா என்று பேர் வைத்தோம்.

தலை நிறைய முடி, கன்னங்கரேலென்று, ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. காது கொஞ்சம் கீழே தள்ளி இருந்தது. கை இரண்டையும் இறுக்க மூடியே வைத்திருந்தாள், விரல்மேல் விரல் ஏறியிருந்தது. டாக்டரம்மா அதுவும் அந்த நோயின் அடையாளம்தான் என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. எதையோ கொண்டு வந்திருக்கிற மாதிரி இருந்தது. மூக்கு இவருடையது. தாடையில் உனக்கும் அம்மாவுக்கும் இருக்கிற அந்தக் குழி இருந்தது, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஐம்பது நிமிஷம் இருந்தாள். கண் திறக்கவில்லை. கஷ்டப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டாள். நெற்றியெல்லாம் சுருங்க, நாள் முழுக்க வேலை செய்து களைத்த பெரிய மனுஷி மாதிரி. நானும் இவரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தோம். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. சத்தமாகவே சிரித்தோம்.

உன்
ஃபர்ஸானா